கடிக்காத கட்டில்

காலையில் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் முதல் பிணம் வந்து மேஜையில் விழுந்தது.

கறுப்பு நிற கேம் கண்ட்ரோலர். இரண்டு கைப்பிடி, இரண்டு குச்சி, வரிசையாகப் பொத்தான்கள். மேலே ஒரு கீறல் கிடையாது. போன வாரம்தான் பட்டன் மாஸ்டர் அதைப் பிரித்து, தள்ளாடிய குச்சியை மாற்றி, பொத்தான்களுக்கு அடியிலிருந்த ரப்பரைக் கழுவிக் காயவைத்து, புதுசு போலத் துடைத்து அனுப்பியிருந்தார். திருப்பிக் கொண்டுவந்தவர் தெருமுனையில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவர். அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இன்னும் சில உருண்டன.

"உங்க கைல ஏதோ இருக்கு மாஸ்டர். ஆஸ்பத்திரியில நல்லாயி வீட்டுக்கு வந்த ஆளு, வாசல்ல செருப்பக் கழட்டறப்ப சாவான் பாருங்க, அந்த மாதிரி சாகுது எல்லாம்."

மாஸ்டர் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். விளையாடுகிற பையன்கள் தரையில் அடித்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அடித்தால் ஓடு விரிசல் விட்டிருக்காதா என்று கடைக்காரர் கேட்டார். இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

அப்போது மேஜைக்குப் பின்னாலிருந்த திரைச்சீலைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. செய்தி வாசிக்கிற குரல். ஏற்ற இறக்கம் இல்லாத, திருத்தமான குரல்.

"என்னையும் அந்தப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. நானும் இங்கதான் ரிப்பேரானேன்."

கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலுக்கு நகர்ந்தார். குரல் விடவில்லை.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க." கொஞ்சம் இடைவெளி. பிறகு, யார் கிளம்பினாலும் சேர்த்துச் சொல்கிற வரி: "எவனாவது விழுந்துடப் போறான்."

குரல் கம்ப்யூட்டருடையது. பேச்சு மாஸ்டருடைய மச்சினனுடையது.

அவனைத் தெருவே லிஃப்ட்டு என்றுதான் கூப்பிடும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் யாரோ லிஃப்ட் கதவை அட்டைப்பெட்டி வைத்துத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே லிஃப்ட் இல்லை, வெறும் கிணறு. அவன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு மிஞ்சியது இரண்டு கண்களும் வலது கட்டைவிரலும். தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச்சும் போய்விட்டது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கொழுப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாய்தான் இல்லை.

அந்த வாயை உண்டாக்கிக் கொடுத்தவர் மாஸ்டர். மச்சினனின் கட்டைவிரலில் இருந்த பலம் ஓர் ஈ வந்து உட்காருகிற பலம்தான். மாஸ்டர் ஒரு பழைய மாடல் கண்ட்ரோலரைப் பிரித்து, குச்சிக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அந்த ஈ பலத்துக்கே அசைகிற மாதிரி செய்தார். குச்சியை அசைத்தால் திரையில் இருக்கும் எழுத்துகளின் மேல் ஒரு மஞ்சள் கட்டம் நகரும். கட்டம் நின்ற எழுத்து ஏறும். வாக்கியம் முடிந்ததும் குரல் படிக்கும். புது மாடல்கள் இதற்கு ஆகாது. சின்ன அசைவைக் கை நடுக்கம் என்று தள்ளிவிடும்படி அவற்றைச் செய்திருக்கிறார்கள். பழைய மாடலோ கடைகளில் வருவதில்லை.

அதனால் மாஸ்டர் அலைந்து திரிந்து சேர்த்த பழையவற்றில் மூன்றை மச்சினனுக்கென்று செய்து வைத்திருந்தார். இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் முதலாவது செத்தது. அடுத்ததும் போயிற்று. இப்போது அவன் கையில் இருப்பது கடைசி.

கொலைகாரன் யார் என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகம் இல்லை. ஸ்டேட்டிக். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஊர்க் காற்றில் ஈரம் என்பதே இருக்காது. உதடு வெடிக்கும். கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளம் மாதிரி காய்ந்து நிற்கும். ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று பொரியும். நடந்தாலே உடம்பில் கரன்ட் ஏறும். எதையாவது தொடும்போது சுருக்கென்று இறங்கும். மனுஷனுக்கு அது எறும்புக்கடி. கண்ட்ரோலருக்குள் அரிசியைவிடச் சின்னதாக இருக்கிற சில்லுக்கு அது இடி. சில சில்லுகள் அங்கேயே சாகும். சில உள்காயத்தோடு ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருந்து, ஒருநாள் காரணமே இல்லாமல் விழும்.

இதற்கெல்லாம் மாஸ்டர் போன வருஷமே வழி செய்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஆழமாகச் செப்புக்கம்பி அடித்து, அதிலிருந்து ஒரு ஒயரை உள்ளே இழுத்து, மேஜையின் இரும்புக்காலிலும் மச்சினனின் இரும்புக்கட்டிலின் காலிலும் சுற்றியிருந்தார். வேலை செய்யும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை. அதன் சுருள் ஒயரை மேஜைக்காலில் மாட்டிக்கொள்வார். உடம்பில் ஏறுவதெல்லாம் மண்ணுக்குப் போய்விடும். வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார்: யாராக இருந்தாலும் கட்டிலைத் தொட்டுவிட்டுத்தான் அவனைத் தொட வேண்டும்.

போன வருஷம் இந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒரு வேடிக்கை. தொட்டால் கட்டில் சுருக்கென்று கடிக்கும். அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, ஒவ்வொரு தடவையும் கையை உதறிக்கொண்டு, "உன்னவிட உன் கட்டிலுக்குத்தான்டா கோவம் ஜாஸ்தி" என்பாள். அதோடு ஈரப் போர்வைகளை அறை முழுக்கத் தொங்கவிட்டுக் காற்றையும் நனைத்து வைத்தார்கள். கண்ட்ரோலர்கள் பிழைத்தன. ஆனால் சுவர் பூஞ்சை பிடித்து, மச்சினனுக்கு மார்புச்சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்ததே பெரிய பாடாயிற்று. அறைக்குள் ஈரம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் ஈரம் இல்லை. ஒயர் மட்டும்தான். கட்டிலும் கடிப்பதில்லை.

கட்டிலுக்குக் கோபம் குறைந்தது அது நீலமானதிலிருந்துதான். மழைக்காலத்தில் ஒருநாள் மச்சினன் எழுதினான்: "கட்டில் துருப்பிடிச்சுக் கெடக்கு. எனக்கு முன்னாடி அது போய்ச் சேந்துடும்." என்ன கலர் அடிக்கட்டும் என்று மாஸ்டர் கேட்டார். "நீலம். வேலை பாத்தப்ப பூரா கிணத்துக்குள்ளயே இருந்தேன். வானத்தைப் பாத்ததில்ல." மாஸ்டர் அவனைத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்துவிட்டு, ஒயரை அவிழ்த்து, துருவைத் தேய்த்து, இரண்டு தடவை நீலப் பெயிண்ட் அடித்தார். மிச்சம் இருந்ததை மேஜைக்கும் அடித்தார். நன்றாகக் காய்ந்த பிறகு ஒயரைப் பழைய இடத்திலேயே நெருக்கமாகச் சுற்றி, மேலே டேப் ஒட்டினார். எதையும் அழகாகச் செய்கிற கை அது.

அக்கா கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கடிக்கவில்லை. "பெயிண்ட் அடிச்சதும் குணம் மாறிடுச்சு பாருங்க" என்றாள். மாஸ்டருக்கும் சந்தோஷம்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வருவதாகப் போன் வந்தது. அக்காவுக்கும் லிஃப்ட்டுக்கும் மூத்தவர். குளிர்பெட்டி லாரி ஓட்டுகிறவர். கூடவே, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்து மேடமும் வருகிறார்.

காரணம் அக்காவின் முதுகு. ஆறடி ஆளை நாளெல்லாம் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, படுக்கைப்புண் வராமல் காத்து, அவள் முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவிவிட்டது. இன்னொரு தடவை தூக்கினால் இந்த வீட்டில் இரண்டு கட்டில் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். மாஸ்டர் உதவிக்கு வருவார். ஆனால் அவருக்குத் தெரியாமலே அவள் பாதி நேரம் தூக்கிவிடுவாள். பக்கத்துவீட்டு ஆட்களும் எத்தனை நாளைக்கு வருவார்கள்?

இல்லம் இருப்பது ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில். அவர்களிடம் ஒரு விதி உண்டு. நினைவு தெளிவாக இருக்கிற நோயாளி தானே சம்மதம் சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் சொல்வதோ அக்கா சொல்வதோ செல்லாது. அவன் வாயால் வர வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம். அக்கா பின்கட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மச்சினனுக்கு ஆகாரம் குழாய் வழியாகத்தான், ஆனால் வாசனை பிடிக்கும் என்று அவனுக்காகவே கொஞ்சம் கூடுதலாக வதக்குவாள். மாஸ்டர் மேஜையில் கிடந்த பிணங்களை விட்டுவிட்டுக் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு என்னடா சொல்லப் போற?"

குச்சி ஊர்ந்தது. மஞ்சள் கட்டம் எழுத்து எழுத்தாகத் தாவியது. மாஸ்டர் திரையைப் பார்ப்பதில்லை. குரல் வரும்வரை காத்திருப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்.

"இன்னைக்கே சொல்லிட்டா நாளைக்கு எவன் கேப்பான்."

"எங்கிட்ட மட்டும் சொல்லு மாப்ளே."

"உங்க வயித்துல எதுவும் நிக்காது மாமா. அக்கா ஒரு டீ குடுத்தா கக்கிடுவீங்க."

மாஸ்டர் சிரித்தார். அவன் சிரிப்பது கண்ணோரச் சுருக்கத்தில் தெரியும். அப்போது தெரியவில்லை. குச்சி மறுபடி நகர ஆரம்பித்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம். வெங்காயம் பொன்னிறமாகிற வாசனை வந்தது. வாசலில் ஒரு சைக்கிள் போனது.

"முதுகு வலின்னா எப்படி இருக்கும் மாமா. எனக்குத் தெரியல. நேத்து என்னப் பெரட்டறப்ப அக்கா பல்லக் கடிச்சா. எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

மாஸ்டர் விரிப்பின் ஓரத்தைச் செருகிவிட்டார்.

"அங்க போனா இந்தக் குச்சிய எவன் என் கைல வைப்பான்."

"நான் கூட வந்து சொல்லிக் குடுத்துட்டு வர்றேன்டா."

"ஹால் பூரா கட்டில் மாமா. நீங்க சொல்லிக் குடுத்த ஆளு மறுநாள் லீவு போட்டுடுவான். அப்புறம் நான் மொறச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

"அப்ப போக மாட்டேன்னு சொல்லிடு."

கட்டைவிரல் குச்சியின் மேல் சும்மா கிடந்தது. பிறகு எழுதியது.

"ரெண்டையும் யோசிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு நானே சொல்றேன். யாரும் எனக்காகச் சொல்லக் கூடாது. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

மாஸ்டர் எழுந்து கட்டில்காலில் சுற்றிய ஒயரைக் குனிந்து பார்த்தார். இறுக்கமாக இருந்தது. டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

பின்கட்டில் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். என்ன சொன்னான் என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொன்னான் என்றார்.

"போறேன்னு சொன்னா நான் விட மாட்டேங்க." கரண்டியைத் தட்டி வைத்தாள். "மாட்டேன்னு சொன்னாலும் பயமாத்தான் இருக்கு. இத வெளிய சொல்லிடாதீங்க."

*

ஞாயிறு வெயிலோடு விடிந்தது. காற்று மட்டும் கத்தி. மாஸ்டர் காலையிலிருந்தே காவல்காரராகிவிட்டார். பருத்தி விரிப்பு மட்டும். கம்பளி கிடையாது. பிளாஸ்டிக் சீப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மரச்சீப்பால் அக்காவை வாரச் சொன்னார். அக்கா கட்டிலைத் தொட்டாள், தலை வாரினாள்; கட்டிலைத் தொட்டாள், முகம் துடைத்தாள்; கட்டிலைத் தொட்டாள், சட்டையின் காலரைச் சரிசெய்தாள்.

"மாப்பிள்ளை பாக்க வர்ற மாதிரி இருக்கு" என்றது குரல்.

"வாய மூடுடா" என்றாள் அக்கா. பிறகு இருவருக்கும் கண்ணோரம் சுருங்கியது.

பெரியண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தடித்த நைலான் ஜாக்கெட். அவர் உள்ளே வந்ததும் அறையில் பாதி போய்விட்டது. தம்பியைப் பார்த்ததும் நேராகக் கட்டிலுக்குப் போனவரை மாஸ்டர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார்.

"கட்டிலத் தொட்டுட்டு அப்புறம் அவனத் தொடுங்க மச்சான்."

"போன்லயே தங்கச்சி சொன்னா. மறப்பேனா?" பெரியண்ணன் உள்ளங்கை முழுவதையும் நீலக்கம்பியின் மேல் வைத்து அழுத்தினார். சத்தியம் செய்கிறவர் போல நின்றார். பிறகு தம்பியின் நெற்றியை மெல்லத் தொட்டார்.

"அண்ணே. லாரியில ஐஸ்கிரீமா மீனா."

"மீனுடா."

"தெரிஞ்சுது. மூக்கு வேலை செய்யுது. உயிர் இருக்கு."

பெரியண்ணன் சத்தமாகச் சிரித்து, சிரிப்பின் நடுவிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்லத்து மேடம் வெள்ளைமுடிக்காரி. அவசரமில்லாதவர். எல்லாவற்றையும் அவனைப் பார்த்தே பேசினார். அங்கே காற்றோட்டமான ஹால் உண்டு, ராத்திரியும் நர்ஸ் உண்டு, புரட்டிப் போட ஆண்கள் உண்டு. இந்த மாதிரி கருவியை அவர்கள் பார்த்ததில்லை. ஒருவருக்கே நாளெல்லாம் ஆள் ஒதுக்கவும் முடியாது. இல்லாததை இருப்பதாகச் சொல்லவில்லை. மாஸ்டருக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

"நீங்கதான் தம்பி சொல்லணும்" என்றார் மேடம். "மெதுவாச் சொல்லுங்க. நான் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் போறேன்."

கட்டைவிரல் நகர்ந்தது.

"சொல்றேன். எல்லாரும் உக்காருங்க. நின்னா எனக்குக் கழுத்து வலிக்கும்."

அவனுக்குக் கழுத்தில் வலி தெரியாது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். அக்கா கால்மாட்டில், மேடம் ஸ்டூலில், மாஸ்டர் கம்ப்யூட்டர் பக்கம். பெரியண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார முடியாமல் எழுந்தார். ஜன்னல் சாத்திய அறை அவருக்குப் புழுங்கியது. ஜாக்கெட்டை இழுத்துக் கழற்றினார். சடசடவென்று பொரிந்தது. அதை நாற்காலியில் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு வந்தார். மறக்கவில்லை. மறுபடியும் நீலக்கம்பியின் மேல் கையை வைத்தார். மாஸ்டர் பார்த்தார், தலையாட்டினார்.

பெரியண்ணன் தம்பியின் வலது கையை, கண்ட்ரோலரோடு சேர்த்து, தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"எதுன்னாலும் சொல்லுடா. அண்ணன் தப்பா நினைக்க..."

டக்.

நகம் வெட்டுகிற சத்தம்தான். மஞ்சள் கட்டம் முதல் வரியின் முதல் எழுத்தில் நின்றிருந்தது. கட்டைவிரல் அசைந்தது. கட்டம் அசையவில்லை. கட்டைவிரல் மறுபடி அசைந்தது.

மாஸ்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கண்ட்ரோலரைக் கையிலிருந்து உருவி மேஜைக்கு ஓடி, திருகாணிகளைக் கழற்றி, மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தார். சில்லைத் தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மாற்றுச் சில்லு கிடையாது. அந்தச் சில்லு இருந்த மற்ற இரண்டு கண்ட்ரோலர்களையும் அவர்தான் பிணமாக டப்பாவில் வைத்திருந்தார்.

"போச்சா?" என்றாள் அக்கா.

அவர் நிமிரவில்லை. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னே பண்ணியாண்ணே?"

பெரியண்ணனுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

"அவன் மாட்டேன்னு சொல்லிடுவான்னு பயந்தியா? அதான் வாயை அடச்சியா?"

"என்னடி பேசற? தொட்டுட்டுத்தானே தொட்டேன்?" அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? சொல்லுங்க. இந்தா, இப்படித்தான தொட்டேன்?"

அவர் மறுபடியும் போய்க் கட்டிலில் கையை வைத்துக் காட்டினார். வேர்த்த உள்ளங்கை. வழவழப்பான நீலம். கையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்தார். ஒரு தடவையாவது உதறவில்லை.

மாஸ்டர் அந்தக் கையையே பார்த்தார்.

போன வருஷம் கட்டில் எல்லாரையும் கடித்தது. கடித்துக்கொண்டே இருந்தவரை எதுவும் சாகவில்லை.

அவர் மேஜையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு கட்டில்காலருகே உட்கார்ந்தார். டேப்பை அறுத்தார். ஒயரைத் தளர்த்தினார். ஒயர் சுற்றியிருந்த இடத்தில் நீலம் அப்படியே, ஒரு முடி அளவும் கீறாமல், பளபளவென்று இருந்தது. எத்தனை அழகாக அடித்திருந்தார். மேஜைக்காலிலும் அதே நீலம். அவர் தினமும் மணிக்கட்டுப் பட்டையைப் பொறுப்பாக மாட்டிக்கொண்டதும் அந்தப் பெயிண்ட் மேல்தான். ஒயர் மண்ணோடு பேசிக்கொண்டிருந்தது, நடுவில் பெயிண்ட் மறித்ததால் கட்டிலோடு பேசவில்லை.

கத்தியால் சுரண்டினார். நீலச் சுருள் விழுந்தது. இரும்பு தெரிந்தது. ஒயரை அந்த இரும்பின் மேல் அழுத்திச் சுற்றினார். மேலே கைப்பிடிக்கம்பியிலும் ஓர் இடத்தில் சுரண்டினார்.

"மச்சான், இப்ப இங்க தொடுங்க."

பெரியண்ணன் பயந்துகொண்டே விரலை நீட்டினார். விரல் படுவதற்கு முன்பே சுருக்கென்று ஒரு நீலப்பொறி தாவியது. அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மாஸ்டர் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அக்கா கட்டிலையும், பெயிண்ட் டப்பா இருந்த மூலையையும், கணவனையும் பார்த்தாள். எழுந்து போய் அண்ணனின் உதறிய கையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது திட்டினால்கூடத் தேவலை என்று மாஸ்டருக்கு இருந்தது.

மேடம்தான் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார்.

"இந்தக் கருவி வர்றதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவீங்க?"

கண்ணை மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை என்று அக்கா சொன்னாள்.

"தம்பி, கருவி இல்லாம முடிவு பண்றது கஷ்டம்தான். வேணும்னா நான் இன்னொரு நாள் வரேன். ஆனா இடம் காத்திருக்குமான்னு சொல்ல முடியாது. இன்னைக்கே பதில் சொல்ல இஷ்டமா?"

அவன் மேடத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து, சாய்ந்து நின்றிருந்தாள். அப்படி நிற்பது அவளுக்கே தெரியாது. அவன் பார்வை அந்தக் கையில் கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் மாமாவைப் பார்த்தான். மாஸ்டர் கத்தியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவன் கண்ணை மூடினான்.

எல்லாரும் திறக்கக் காத்திருந்தார்கள். ஆமாம் என்றால் மூடித் திறப்பது வழக்கம். அவன் திறக்கவில்லை. மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "எங்ககூட வர்றதுக்குச் சம்மதமா? இல்லைன்னா கண்ணத் திறந்து மேல பாருங்க." இமைகள் அப்படியே இருந்தன. மறுபடி கேட்டார். மெதுவாக, தாராளமாக நேரம் கொடுத்துக் கேட்டார். இமையோரத்தில் ஈரம் வந்து காதுப்பக்கம் இறங்கியது. இமை திறக்கவில்லை.

"தூங்கறான்" என்றாள் அக்கா.

"அவன் முழிச்சிட்டுத்தான் இருக்கான் தங்கச்சி" என்றார் பெரியண்ணன்.

"அப்ப பேச இஷ்டமில்லாமக் கெடக்கான். அது சம்மதமா?"

மேடம் அவளை மறுத்துப் பேசவில்லை. மூடியிருந்த கண்களையும், இடுப்பில் இருந்த அவள் கையையும் பார்த்தார். இது ஆமாம் என்றுதான் தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். மாஸ்டரையும் கேட்டார். மாஸ்டருக்கு முதல்நாள் கேட்ட வாக்கியம் காதில் இருந்தது. யாரும் எனக்காகச் சொல்லக் கூடாது. அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததும் ஒரு பதிலாகப் போய்விட்டது.

*

இல்லத்து வண்டி அந்த வாரமே வந்து அவனைக் கொண்டுபோனது. கட்டில் மட்டும் மிஞ்சியது.

மேஜைக்காலையும் சுரண்டி ஒயரைச் சுற்றிய பிறகு, மாஸ்டரின் மேஜையிலிருந்து போன ஒரு கண்ட்ரோலரும் திரும்பி வரவில்லை. கேம் கடைக்காரர் மறுபடி வந்தார். தெருவில் சொல்லி இன்னும் நாலு பேரையும் அனுப்பினார். தோஷம் கழிந்துவிட்டது என்றார். காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். அக்கா திரைச்சீலைக்குள் பெருக்கப் போகும்போதெல்லாம் கைப்பிடிக்கம்பியில் சுரண்டிய இடத்தைத் தொடுவாள். அது கடிக்கும். கையை உதறிக்கொண்டு வெறும் மெத்தையைத் தட்டிப்போடுவாள்.

மாஸ்டர் பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டே இருந்தார். ஊர் ஊராகச் சொல்லி வைத்தார். குளிர்காலம் போய், வெயில் வந்து, காற்றில் ஈரமும் வந்த பிறகு, எங்கோ ஒரு மூட்டைக்குள் அந்தப் பழைய மாடல் ஒன்று கிடைத்தது. ஸ்பிரிங்கை எடுத்தார். குச்சியை ஈ பலத்துக்கு இளக்கினார். ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் கட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். அக்கா இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாள்.

ஹால் சுத்தமாக இருந்தது. அவன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். புண் எதுவும் இல்லை. முகம் மழித்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. அவர்களைப் பார்த்தது. கண்ணோரம் சுருங்கவில்லை.

மாஸ்டர் கட்டிலின் காலில் இரும்பு தெரிகிற இடத்தைத் தேடி, ஒயர் மாட்டி, ஜன்னல் கம்பி வழியாகத் தோட்டத்து மண்வரை இறக்கிவிட்டு வந்தார். தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அவன் கையைப் பிரித்துக் கண்ட்ரோலரை வைத்தார். கட்டைவிரல் விறைத்திருந்தது. வேலையில்லாத விரல் அப்படித்தான் ஆகும் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் சொன்னாள். அக்கா அதைத் தடவித் தடவி இளக்கினாள். குச்சியின் மேல் தூக்கி வைத்தாள்.

மத்தியானம் முழுக்க மஞ்சள் கட்டம் முதல் எழுத்திலேயே இருந்தது. அக்கா வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். அண்ணன் லாரி மாற்றியதைச் சொன்னாள். அன்னைக்கு என்னடா சொல்ல இருந்தே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாஸ்டர் பையை எடுத்தார். அக்கா கட்டிலைத் தொட்டுவிட்டு அவன் தலையைக் கோதினாள். அப்போதுதான் குச்சி அசைந்தது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று இருந்தது. கட்டம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மாஸ்டர் வழக்கப்படி திரையைப் பார்க்கவில்லை. பஸ் போனால் போகட்டும் என்று நின்றார்கள்.

செய்தி வாசிக்கிற குரல் வந்தது. அதே திருத்தம், அதே தெளிவு.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க."

அக்காவின் முகத்தில் சிரிப்பு ஏறிவிட்டது. அடுத்த வரி அவளுக்குத் தெரியும். அதற்காக வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். மாஸ்டரும் நின்றார். ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கட்டைவிரல் குச்சியிலிருந்து வழுக்கி விரிப்பில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. அவன் கண் மறுபடி ஜன்னலுக்குப் போனது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இருவரும் வெளியே வந்து, கதவைச் சாத்தினார்கள்.